அரை மணி நாடகமும் ஒத்தை ஆள் நாடகமும்



மாசி, பங்குனி வந்துவிட்டால் நம்ம பக்கத்து ஊர்களில் நாடக நோட்டீசுக்குக் குறைவே இல்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எங்கே போனாலும் சுவரில் வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி. ராத்திரி 10 மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியற்காலையில்தான் முடியும். பாயும் போர்வையும் எடுத்துப்போய் இடம் பிடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, "பபூன் வரும்போது எழுப்பி விடுத்தா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு நாமும் கண்ணயர்ந்திருக்கிறோம்.

இப்படிப் பார்த்துப் பழகிய நமக்கு, மகளிர் தின விழாவிலோ கலை இரவிலோ இருபது நிமிஷம், அரை மணி நேரம் நடக்கிற நாடகத்தைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. கூட்டம் கலைந்து வரும்போது நம் உறுப்பினர்கள் பேசிக்கொள்வது எங்கள் காதில் விழாமல் இல்லை. "காலை நீட்டி உக்காருறதுக்குள்ள முடிஞ்சு போச்சே!" "சீனும் இல்லை, ஜிகினாவும் இல்லை. ஒரு பொம்பளை வந்து நின்னு தானா பேசிட்டுப் போறா. இதுவா நாடகம்?"

இதுவும் நாடகம்தான். நன்றாக இருக்கிற நாடகமும் உண்டு, சுமாரானதும் உண்டு. எது நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்துகொண்டால் பார்க்கிற ருசியே வேறு. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

தனியாகப் பேசுவது நமக்குப் புதுசா?

முதலில் ஒத்தை ஆள் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஆள் மேடையில் இருந்துகொண்டு தன் கதையைத் தானே பேசுவது. படித்தவர்கள் இதைத் தனி நடிப்பு, ஓராள் நாடகம் என்கிறார்கள். பெயர்தான் புதுசு. மயான காண்டத்தில் பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்புகிறாளே, அது என்ன? மேடையில் அவள் மட்டும்தான். பதில் சொல்ல ஆள் இல்லை. தான் அரசியாக இருந்தது, அடிமையாக விலைபோனது, பெற்ற பிள்ளையை எரிக்கக்கூடக் காசில்லாமல் நிற்பது எல்லாம் அந்தப் புலம்பலிலேயே வந்துவிடும். முன்னால் நடந்த கதையைப் பார்க்காமல் அப்போதுதான் வந்து உட்கார்ந்த கிழவியும் அழுதுவிடுவாள்.

அவ்வளவு தூரம் போவானேன்? துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கிற அப்பத்தாவைக் கவனித்துப் பாருங்கள். செத்தவரைப் பற்றி ஆரம்பிப்பார். நடுவில் தன் அண்ணன்மார் சீர் செய்யாமல் விட்டது வரும். மருமகள் சோறு போடாதது வரும். அந்த மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் சொல்ல முடியாது. மற்ற நாளில் வாயைத் திறந்து சொல்ல முடியாததை ஒப்பாரியில் சொல்லலாம் என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கிறது. ஓராள் நாடகத்தின் பாதி சூட்சுமம் இதில் இருக்கிறது.

மதுரையும் நாடகத்துக்குப் பேர்போன ஊர்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை இங்கேதான் ஆரம்பித்தார். ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு இன்றைக்கும் மதுரை ஒரு தலைமை ஊர். திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் புராண நாடகத்துக்கு நடுவிலேயே வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. மதுரை கே.பி. ஜானகியம்மாள் நாடக நடிகையாக இருந்து, சுதந்திரப் போராட்டத்துக்குப் போய், 1967-ல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 'கூத்தாடி' என்று இளக்காரமாகச் சொல்கிற வாய்கள் இந்த இரண்டு பேரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சின்ன நாடகம் எப்படி வந்தது?

1970-களில், ராஜா ராணி கதையும் சபாக்களில் போடும் சிரிப்பு நாடகமும் போதாது, இன்றைய மனிதர்களின் பாட்டைச் சொல்கிற நாடகம் வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். 1977-ல் சின்னாளபட்டி பக்கத்தில், நம் காந்திகிராமத்தில், ஒரு பெரிய நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. பேராசிரியர் சே. இராமானுஜம் அங்கே முன்னின்றவர்களில் ஒருவர். அதே 1977-ல் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1978-ல் மதுரையில் மு. இராமசாமி நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். 1980-ல் வங்காளத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தார். மேடையும் விளக்கும் டிக்கெட்டும் இல்லாமல், ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே போய், அவர்கள் நடுவிலேயே நடிக்கலாம் என்பது அவர் வழி.

நம்மில் பலர் இந்த மாதிரி நாடகத்தை முதலில் பார்த்தது 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோதுதான். பெட்ரோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் கலைக்குழுப் பிள்ளைகள் பறை அடித்துக் கூட்டம் சேர்த்து, கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவன் கதையை நடித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ராத்திரிப் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போடப் படித்தவர்கள் இன்று நம் குழுக்களில் தலைவியாகவும் செயலாளராகவும் இருக்கிறார்கள்.

யாரிடம் பேசுகிறாள்?

ஒத்தை ஆள் நாடகம் பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். இவள் யாரிடம் பேசுகிறாள்? சாமியிடமா, செத்துப்போனவரிடமா, எதிர்வீட்டுக்காரியிடமா, தனக்குத் தானேயா, இல்லை நம்மிடமா? அதைக் கண்டுபிடித்துவிட்டால் நாடகம் தானாக விளங்கும். ஏனென்றால் ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் நாம் பேசுகிறோம். மாமியாரிடம் சொல்கிற அதே விஷயத்தை நாத்தனாரிடம் ஒரு மாதிரியும் அம்மாவிடம் வேறு மாதிரியும் சொல்வோம். எதைச் சொல்லாமல் விழுங்குகிறாள் என்பதும் கேட்கிற ஆளைப் பொறுத்துத்தான்.

வெளிநாட்டு நாடகம் ஒன்றைச் சொல்கிறோம். பயப்பட வேண்டாம், கதை நம் வீட்டுக் கதைதான். இத்தாலி நாட்டில் பிராங்கா ராமே (1929–2013) என்று ஒரு நடிகை. அவரும் அவர் கணவர் தாரியோ ஃபோவும் சேர்ந்து பெண்கள் தனியாக நடிக்கும் குட்டி நாடகங்கள் பலவற்றை எழுதினார்கள். 1977 முதல் ராமே அவற்றை மேடையில் நடித்தார். தாரியோ ஃபோவுக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதில் ஒரு நாடகம், காலையில் கண் விழிக்கும் ஒரு மில் தொழிலாளிப் பெண்ணைப் பற்றியது. திடுக்கென்று எழுகிறாள், நேரமாகிவிட்டது. கைக்குழந்தையைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போக வேண்டும். கணவன் தூங்குகிறான். குழந்தையைக் கழுவி, உடுத்தி, தானும் கிளம்பி வாசலுக்கு வந்தால் வீட்டுச் சாவியைக் காணோம். எங்கே வைத்தோம்? முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததிலிருந்து என்னென்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துகிறாள். ஞாபகப்படுத்துவது என்றால் சும்மா இல்லை, எல்லாவற்றையும் மறுபடி நடித்துப் பார்க்கிறாள். இந்தக் கையில் பை, அந்தக் கையில் பிள்ளை, அடுப்பு, துவையல், அப்புறம் கணவன் வந்தது, இரண்டு பேருக்கும் வந்த சண்டை. "மில்லுல வேலை பார்த்துட்டு வந்து வீட்டுலயும் நான்தானே பார்க்கணும், இதுக்கு யார் சம்பளம் கொடுக்கிறது?" என்கிற மாதிரி அவள் கேட்டது, அவன் சமாதானம் செய்தது எல்லாம் வருகிறது. சாவி தேடுகிற சாக்கில் அவள் வாழ்க்கை முழுவதையும் நாம் பார்த்துவிடுகிறோம். கடைசியில் சாவி கிடைக்கிறது. ஓடப் பார்க்கிறாள். அப்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை!

அவ்வளவுதான் நாடகம். சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிற அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது, லீவு நாளில்கூட உடம்பு தானாக எழுந்து ஓடுகிறதே என்று தோன்றும். 'பெண்களுக்கு இரட்டைச் சுமை' என்று நாம் பயிற்சியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நாடகத்தில் அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு சாவி போதும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், கதை நடுவிலேயே ஆரம்பிக்கிறது என்பது. அவள் பிறந்தது, கல்யாணம் ஆனது எதுவும் கிடையாது. பெரிய நாடகம் ஊரைச் சுற்றிப் போகிற டவுன் பஸ் என்றால் சின்ன நாடகம் குறுக்கு வரப்பில் நடந்து போவது மாதிரி. முதல் வாக்கியத்தைத் தவறவிட்டால் கஷ்டம். அதனால் சின்ன நாடகத்துக்கு மட்டும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள். அங்கே "பபூன் வரும்போது எழுப்பி விடு" செல்லாது!

இதே இருவரின் இன்னொரு நாடகத்தில் ஒரு பெண்ணை அவள் கணவன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் எல்லா மெஷினும் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று எதிர் ஜன்னலுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் சந்தோஷமாகப் பேச ஆரம்பிக்கிறாள். "எனக்கென்ன அக்கா குறை" என்று நாமும் சொல்வோமே, அதே தொனிதான். பேசப் பேசத்தான் பூட்டும் அடியும் மற்ற ஆண்கள் கொடுக்கும் தொல்லையும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கடைசியில் அவள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கணவன் வருவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த எதிர்வீட்டுப் பெண் மேடைக்கு வருவதே இல்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே பிறந்திருக்காது. நம் குழுக் கூட்டத்தில் வாரம் தவறாமல் வந்து வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973-ல் பிராங்கா ராமேயை அரசியல் விரோதத்தால் சிலர் வண்டியில் கடத்திப் பலாத்காரம் செய்தார்கள். பிறகு அவர் அதை ஒரு சின்ன ஓராள் நாடகமாக எழுதி மேடையில் நடித்தார். முதலில் நடித்தபோது அது தன் கதை என்று சொல்லவில்லை, வேறு ஒரு பெண் சொன்னதைப் போலத்தான் நடித்தார். தனக்கு நடந்தது என்று வெளியே சொன்னது பல வருஷம் கழித்துத்தான். 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு இப்படி ஆச்சு' என்று நம் பெண்கள் ஆரம்பிக்கும்போது அந்த ஒருத்தி யார் என்று நாம் துருவிக் கேட்பதில்லை. நாடகத்தில் அந்தச் சௌகரியம் இருக்கிறது. பேசுகிற பெண் வேஷம் போட்டவள், எனவே எதையும் பேசலாம்.

பச்சமண்ணு

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்களைக் கொல்வதைப் பற்றி எழுதியது. அப்போது நம் ஊர்ப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1994-ல் பாரதிராஜாவின் கருத்தம்மா படம் வந்தது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் போய் "உசிலம்பட்டி" என்று சொல்லவே கூசியவர்கள் நம்மில் உண்டு. ஏதோ ஒரு பகுதியில், ஒரு சாதியில் மட்டும் நடந்தது போல எழுதியவர்களும் பேசியவர்களும் உண்டு. சேலம், தர்மபுரிப் பக்கமும் இதே கொடுமை நடந்தது.

அந்த 1990-களின் நடுவில் சென்னையில் இருந்து 'மௌனக் குரல்' என்கிற பெண்கள் நாடக முயற்சி ஒன்று 'பச்சமண்ணு' என்று ஒரு நாடகம் போட்டது. அ. மங்கை இயக்கியது. இது பெண் சிசுக்கொலையைப் பற்றிய நாடகம்தான். ஆனால் கள்ளிப்பாலையும் நெல்லையும் காட்டிப் பதறவைப்பதை முக்கியமாக வைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நாம் செய்கிற சடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. வயசுக்கு வந்த சடங்கு, கல்யாணம், வளைகாப்பு. எல்லாம் பாட்டும் குலவையுமாகச் சந்தோஷமான விஷயங்கள். அடுக்கிக் காட்டும்போதுதான் ஒவ்வொன்றிலும் செலவும் சீரும் கூடிக்கொண்டே போவது கண்ணில் படுகிறது. ஒரு பொட்டப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்கள் ஏன் நடுங்குகிறார்கள் என்பதற்கு வேறு பிரசங்கம் வேண்டாம்.

கருத்தம்மாவையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் அப்பன் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண் குழந்தையை வாத்தியார் ஒருவர் காப்பாற்றுகிறார், அது வளர்ந்து டாக்டராகித் திரும்பி வருகிறது. நல்ல படம், நாமும் அழுதோம். ஆனால் படம் பார்க்கும்போது நம் கோபம் எல்லாம் அந்த அப்பன் மேல் போய்விடும், நாம் தப்பித்துக்கொள்வோம். பச்சமண்ணு பார்க்கிறவர்கள் தப்பிக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சடங்குகளை நடத்துகிறவர்கள் நாம்தான். நாத்தனார் மகள் சடங்குக்கு என்ன செய்தார்கள், மதினி வீட்டில் எத்தனை பவுன் போட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பதும் நாம்தான். குழுவில் கடன் வாங்கும்போது காரணம் 'மாடு வாங்க' என்று எழுதிவிட்டுச் சீர் செய்தவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன்.

1994-ல்தான் கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது என்று சொல்வார்கள். நாடகம் பழசாகிவிட்டதா என்று கேட்டால், சீர்வரிசைத் தட்டுகள் குறைந்த மாதிரித் தெரியவில்லையே!

நல்ல நாடகம் எது, ஒப்புக்கு நாடகம் எது?

இப்போது கொஞ்சம் காரமாகவே சொல்கிறோம். விழிப்புணர்வு நாடகம் என்ற பேரில் நமக்குப் போட்டுக் காட்டுவதில் பாதி நாடகமே இல்லை. நோட்டீசை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான். குடிப்பழக்கத்தைப் பற்றிய நாடகம் என்றால் உங்களுக்கே தெரியும். தள்ளாடிக்கொண்டு ஒருவன் வருவான், எல்லோரும் சிரிப்போம். பெண்டாட்டியை அடிப்பான், அப்போதும் கொஞ்சம் சிரிப்பு. பிறகு ஒருவர் வந்து ஐந்து நிமிஷம் அறிவுரை சொல்வார். அவன் உடனே திருந்தி, பெண்டாட்டி கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பான். கைதட்டல்.

சகோதரிகளே, ஐந்து நிமிஷத்தில் திருந்திய குடிகாரனை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது? 'உனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் உன் வீட்டுக்காரன் திருந்தவில்லை' என்றுதானே? அடியும் வாங்கி, பழியும் சுமக்க வேண்டுமா? கக்கூஸ் நாடகம், குடும்பக் கட்டுப்பாட்டு நாடகம் எல்லாவற்றிலும் முட்டாளாக வருவது கிராமத்துப் பெண்தான், புத்தி சொல்ல வருவது பேண்ட் சட்டை போட்டவர்தான். தண்ணீர் வசதி இல்லாமல் கட்டிய கக்கூஸை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். அதனால் அவளைக் கேட்க விடுவதில்லை.

நல்ல நாடகத்தில் எல்லோருக்கும் அவரவர் நியாயம் இருக்கும். கெட்டவன்கூட வெறும் பொம்மையாக இருக்க மாட்டான். முடிவு முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தது மாதிரி இருக்காது. வீட்டுக்குப் போகும் வழியில் "அவ செஞ்சது சரியா?" என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு நடந்தால் நாடகம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் குழு 1979-ல் ஆரம்பித்த 'ஔரத்' நாடகத்தைச் சொல்லலாம். ஔரத் என்றால் பெண். அரை மணி நேரத் தெரு நாடகம். ஒரே நடிகை மகளாக, மனைவியாக, படிக்கப் போகிறவளாக, தொழிலாளியாக மாறிக்கொண்டே வருவார். சீன் மாற்ற வேண்டியதில்லை, நிற்கிற விதமும் குரலும் மாறினால் போதும். இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கான தடவை நடந்த நாடகம் அது. அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மியை, டெல்லிக்குப் பக்கத்தில் ஜண்டாபூர் என்ற இடத்தில் தெரு நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே 1989 ஜனவரி 1 அன்று ஆட்களை வைத்துத் தாக்கினார்கள். மறுநாள் இறந்துபோனார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். இருபது நிமிஷ நாடகத்துக்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

நம் பக்கத்து மாவட்டத்துக் கதை ஒன்றும் மேடைக்குப் போயிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் பாமா எழுதிய 'மொளகாப்பொடி' என்ற சிறுகதையை 'கட்டியக்காரி' என்ற குழு நாடகமாக்கியது. புல்லறுக்கப் போகிற தலித் பெண்கள் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தூவுகிறாள் ஒரு நிலக்காரப் பெண். கொடுமை செய்கிறவளும் பெண்தான். 'பெண்கள் எல்லாம் ஒன்று' என்று நாம் கூட்டத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே கூட்டமைப்பில் இருந்தாலும் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கிறோம் என்று இந்த நாடகம் நம்மைக் கேட்கும். அதே மாதிரி, திருநங்கை அ. ரேவதி தன் வாழ்க்கையை 'வெள்ளை மொழி' என்று புத்தகமாக எழுதினார். பிறகு அ. மங்கையின் இயக்கத்தில் அதைத் தானே ஒத்தை ஆளாக மேடையிலும் நடித்தார். கடைத்தெருவில் கைதட்டிக் காசு கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாம், ஒரு மணி நேரம் அப்படி ஒருவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பார்க்கும்போதும் பார்த்த பிறகும்

கண் பழக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. சின்ன நாடகத்தில் சாமான் குறைவு. ஒரு துண்டுதான் தொட்டில், அதே துண்டுதான் பிணத்தின் மேல் போடும் கோடி, அதுவே தாலிக்கயிறு. அந்தத் துண்டு எப்போது என்னவாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். நடிகை பேசாமல் நிற்கிற நேரம் வந்தால் 'வசனத்தை மறந்துட்டா' என்று சிரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவள் கையைப் பாருங்கள். புடவைத் தலைப்பைத் திருகுகிறதா, வயிற்றைப் பிடிக்கிறதா? வாய் சொல்வது ஒன்றும் கை சொல்வது ஒன்றுமாக இருந்தால் கையைத்தான் நம்ப வேண்டும்.

புரியாத இடம் வந்தால் நமக்குப் படிப்பு போதாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சில நாடகங்கள் நிஜமாகவே புரியாத மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, சிலதை நடித்தவர்கள் சரியாக நடிக்காமல் விட்டிருப்பார்கள். நாடகம் முடிந்ததும் குழுவினர் "ஏதாவது சொல்லுங்க" என்று மைக்கை நீட்டுவார்கள். நாம் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அவர்களுக்கும் அது உபயோகம் இல்லை. எந்த இடம் மனதில் நின்றது, எந்த இடம் பொய்யாகப் பட்டது என்று ஒவ்வொன்று சொல்லுங்கள். "எங்க ஊருல மாமியா இப்படிப் பேச மாட்டா, இன்னும் நைசாப் பேசித்தான் குத்துவா" என்று ஒரு அம்மா சொன்னால் அதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

குழுவிலேயே செய்து பார்க்கலாம்

மாதக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை வசூல் முடிந்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். ஒரு உறுப்பினர் நடுவில் உட்காரட்டும். யாரிடம் பேசுகிறாள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளட்டும். வங்கியில் மூன்று தடவை அலையவிட்ட அதிகாரியிடமா, ஸ்கூலை விட்டு நின்ற மகளிடமா, திருப்பூருக்குப் போய் மூன்று மாதமாக போன் போடாத மகனிடமா? அந்த ஆள் எதிரில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பேசட்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு. சொந்தக் கதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொந்தக் கதையா என்று யாரும் கேட்கவும் கூடாது. அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் விவரம் மாதிரி இதுவும் குழுவுக்குள்தான்.

பேசுவதற்கு முன் கையில் ஒரு சாமானைக் கொடுத்துவிடுங்கள். பாஸ்புக், சாவி, சட்டி, மகனின் பழைய சட்டை, ஏதாவது ஒன்று. கை சும்மா இருந்தால் பேச்சு வராது, கூச்சம்தான் வரும்.

எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, கணக்காளர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். "வந்துச்சு", "போச்சு" என்று பேசினால் அப்படியே இருக்கட்டும். பேசியவர் சம்மதித்தால் மட்டும், பெயர் போடாமல், வட்டாரக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றக் குழுக்களுக்கும் நேரம் வேண்டும் அல்லவா.